கூட நேரம் தூங்கினால் மனநிலை ஏறுகிறதா இறங்குகிறதா? ஒரே தரவில் இரண்டு விடை வருகிறது

போர்டிங்_வாசி:

வணக்கம் எல்லோருக்கும். உளவியல் முதுமாணிக்கு ஓர் ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன், புள்ளிவிபரவியல் பக்கம் வந்ததும் முட்டி நிற்கிறது, விஷயம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்பதால் நேராகவே கேட்கிறேன்.

பங்குபற்றியவர்கள் கொழும்பில் போர்டிங்கில் தங்கிப் படிக்கும் கம்பஸ் மாணவர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம், அறுபதுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு காலையும் வட்ஸ்அப்பில் ஒரு கூகிள் போர்ம் போகும்: நேற்றிரவு எத்தனை மணித்தியாலம் தூங்கினீர்கள், எங்கே படுத்தீர்கள். பின்னேரம் இன்னொன்று: இன்றைக்கு மனநிலை எப்படி, 0 முதல் 10 வரை. தொடக்கத்திலும் முடிவிலும் பிஎச்கியூ-9, அதாவது மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம், கொடுத்தேன். படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருந்தது, விரும்பியதை எடுக்கலாம்.

எல்லா வரிகளையும் ஒன்றாகப் போட்டு எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் தூக்கத்துக்கும் மனநிலைக்கும் இணைவு பார்த்தால் சின்னதாக ஒரு மறை (மைனஸ்) பெறுமானம் வருகிறது. கூடத் தூங்குகிற இடத்தில் மனநிலை கொஞ்சம் கீழே. ஆனால் சும்மா ஓர் ஆர்வத்தில் ஆளாளுக்குத் தனித்தனியாக வரைபு கீறிப் பார்த்தேன், பெரும்பாலானவர்களுக்குக் கோடு மேலே போகிறது, அதாவது தன் வழமையைவிடக் கூடத் தூங்கிய இரவுக்கு அடுத்த நாள் மனநிலை நன்றாக இருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாகும்?

சுப்பர்வைசர் சொல்கிறார், ஒவ்வொருவருக்கும் இரண்டு கிழமையின் இடையை (சராசரியை) எடு, ஆளுக்கு ஒரு வரி, சாதாரண ரிக்ரெஷன் போடு, முடிந்தது என்று. டிபார்ட்மென்டில் இன்னொருவர் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா, அதாவது ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்ப அளந்த இடைகளை ஒப்பிடும் சோதனை, போடச் சொல்கிறார். அப்புறம் இன்னொன்று, தொடக்கத்தில் பிஎச்கியூவில் 10க்கு மேல் இருந்தவர்கள் முடிவில் நன்றாகக் குறைந்திருக்கிறார்கள். தினமும் படிவம் நிரப்பியதே உதவியது என்று ஒரு பந்தி எழுதலாமா?

மாறிலி:

தம்பியோ தங்கச்சியோ தெரியவில்லை, ஆனால் அந்தத் தனித்தனி வரைபைக் கீறிப் பார்த்தீர்களே, ஆய்வில் பாதி வேலை அதுதான். பலர் அதைச் செய்யாமலே ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இரண்டும் சரிதான், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடை. "யார் கூடத் தூங்குகிறார்கள்?" என்பது ஆட்களுக்கு இடையிலான வித்தியாசம். மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினர் நீண்ட நேரம் தூங்குவார்கள், ஆகவே அங்கே கோடு கீழே போகலாம். "இந்த ஆள் தன் வழமையைவிடக் கூடத் தூங்கினால் என்ன நடக்கும்?" என்பது ஓர் ஆளுக்குள் நடக்கும் மாற்றம், அங்கே கோடு மேலே போகலாம். எல்லா வரிகளையும் கலந்து ஓர் இணைவு எடுத்தால் வருவது இரண்டையும் ஏதோ ஒரு விகிதத்தில் பிசைந்த எண், அதற்குத் தனியாக ஓர் அர்த்தமும் இல்லை.

உட்ரெக்ட் பல்கலைக்கழகத்து எலன் ஹமாக்கர் இதற்குச் சொல்லும் உதாரணம் தட்டச்சு. நம்ம ஊர் அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டுபவர்களை வைத்து யோசியுங்கள். வேகமாகத் தட்டுகிறவர்களுக்குத்தான் பிழை குறைவாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் பழகின கைகள். அதற்காகப் புதிதாக வந்த பையனிடம் "வேகமாத் தட்டு, பிழை குறையும்" என்று சொல்வீர்களா? யாராக இருந்தாலும் தன் வழமையைவிட வேகமாகத் தட்டினால் பிழை கூடத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது இது. ஒவ்வோர் ஆளுக்கும் தூக்கத்தின் சொந்த இடையைக் கணியுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் அந்த இடையிலிருந்து எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று விலகலை எடுங்கள். இரண்டையும் ஒரே மல்டிலெவல் மொடலில், அதாவது ஆள் ஒரு மட்டம், அவருடைய நாட்கள் இன்னொரு மட்டம் என்று பிரித்துப் பார்க்கும் மொடலில், தனித்தனி மாறிகளாகப் போடுங்கள். ஆர் மென்பொருளில் எல்எம்இ4 பொதியில் கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்:

மனநிலை ~ விலகல் + இடை + (1 + விலகல் | ஆள்)

அடைப்புக்குள் உள்ளதுதான் முக்கியம். 1 என்பது ஆளாளுக்கு அடிமட்டம் வேறு என்று ஒத்துக்கொள்வது. பக்கத்தில் விலகலையும் போட்டால் தூக்கத்தின் தாக்கமே ஆளாளுக்கு மாறலாம் என்று விடுகிறீர்கள். உங்கள் வரைபில் "பெரும்பாலானவர்களுக்கு" மேலே போகிறது என்றீர்கள், அப்போ சிலருக்குப் போகவில்லை. அந்தப் பரம்பல் எவ்வளவு அகலம் என்பதை இது சொல்லும், எனக்கென்னவோ உங்கள் ஆய்வில் சுவாரசியமான எண் அதுவாகத்தான் இருக்கும்.

அனோவாவை விடுங்கள். ஒரு நாள் படிவம் தவறினாலும் வழமையான முறையில் அந்த ஆளையே முழுதாகத் தூக்கி எறியும், இரண்டு கிழமையில் ஒரு நாளும் தவறாதவர் எத்தனை பேர் இருப்பார்கள் சொல்லுங்கள். அதோடு நாளுக்கு நாள் மாறும் தூக்கத்தை அதற்குள் ஒழுங்காக நுழைக்கவும் முடியாது. மல்டிலெவல் மொடல் இருக்கிற வரிகளை வைத்தே வேலை செய்யும். ஆனால் மனநிலை மோசமான நாட்களில்தான் ஆட்கள் பதில் போடவில்லை என்றால் அதற்கு எந்த மொடலும் மருந்தில்லை. முதல் நாள் மனநிலை குறைந்தவர்கள் அடுத்த நாள் படிவத்தை அதிகமாகத் தவறவிடுகிறார்களா என்றாவது பாருங்கள்.

சுப்பர்வைசர் சொன்ன இடை ரிக்ரெஷன் பிழையான கணக்கில்லை, முதல் கேள்விக்கு மட்டும் விடை தரும். அதை வைத்துக்கொண்டு "மாணவர்கள் கூட நேரம் தூங்கினால் மனநிலை குறையும்" என்று முடிவுரை எழுதினால்தான் வில்லங்கம்.

கோட்டை_பொருளியல்:

மேலே சொன்னதற்கு ஒரு பக்கவாட்டுக் குறிப்பு. பொருளியல்காரருக்கு இது பழைய விஷயம், ஒரே ஆட்களைப் பல தடவை அளந்த இப்படியான தரவை நாங்கள் பனல் டேட்டா என்போம். ஆளின் இடையையும் மொடலில் சேர்த்தால் விலகலின் குணகம் ஃபிக்ஸ்ட் எஃபெக்ட் (ஆளுக்குள் நடக்கும் மாற்றத்தை மட்டும் பார்க்கும்) மதிப்பீட்டோடு ஒன்றாகிவிடும் என்று யயிர் முண்ட்லக் 1978லேயே காட்டிவிட்டார். உளவியல்காரரும் நாங்களும் ஒரே கட்டடத்தில் இரண்டு மாடியில் இருந்துகொண்டு ஒருவர் கட்டுரையை ஒருவர் வாசிப்பதில்லை, அதுதான் கவலை.

இணைவு தலைகீழாவதும் புதிதில்லை. 1950ல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930 அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டை எடுத்துப் பார்த்தார். மாநிலம் மாநிலமாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் கூடிய இடத்தில் எழுத்தறிவின்மை குறைவு, இணைவு கிட்டத்தட்ட மறை 0.53. தனி ஆட்களாகப் பார்த்தால் நேர் 0.12. காரணம் லேசானது, குடிவந்தவர்கள் எழுத்தறிவு கூடிய மாநிலங்களில் போய்க் குடியேறினார்கள். அங்கே மாநிலத்துக்கும் ஆளுக்கும் இடையில் நடந்தது இங்கே ஆளுக்கும் அவருடைய நாட்களுக்கும் இடையில் நடக்கிறது.

ஓர் எச்சரிக்கை. நேற்றைய மனநிலையையும் மொடலில் போடச் சொல்லி யாராவது நிச்சயம் சொல்வார்கள், போடலாம், ஆனால் அதையும் ஆளின் இடையிலிருந்து கழித்துப் போட்டால் நாட்கள் குறைவாக இருக்கும்போது குணகம் கீழ்ப்பக்கம் சரியும். நிக்கல் 1981ல் எழுதியது. ஒரு நாள் மனநிலை மறுநாளைக்குத் தொடரும் அளவை ரோ என்று வைத்தால், சரிவு ஏறத்தாழ (1 + ரோ) ஐ நாட்களில் ஒன்று குறைத்து வரும் எண்ணால் வகுத்தது. 14 நாள், உண்மையான ரோ 0.3 என்றால் 1.3 ஐ 13 ஆல் வகுங்கள், 0.1 குறையும், 0.3 இருக்க வேண்டிய இடத்தில் 0.2 தான் தெரியும். தூக்கத்தின் தாக்கம்தான் உங்கள் கேள்வி என்றால் இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், "ஒரு நாள் மனநிலை மறுநாளைக்கு எவ்வளவு தொடர்கிறது" என்பதே கேள்வி என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். எம்பிளஸ் மென்பொருளில் 2018ல் அஸ்பருஹோவ், ஹமாக்கர், முத்தேன் ஆகியோர் எழுதிய டிஎஸ்இஎம் (நாளுக்கு நாள் தொடரும் தரவுக்கான மொடல்) முறை இடையைக் கணித்துக் கழிக்காமல் மொடலுக்குள்ளேயே மதிப்பிடுகிறது, ஆகவே இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். என்ன, எம்பிளஸுக்குக் காசு கட்ட வேண்டும், அதுவும் டொலரில்.

வார்ட்_அக்கா:

பிஎச்கியூ கேள்விக்கு ஒருவரும் வரவில்லை, நான் வருகிறேன். அந்தப் பந்தியை எழுதாதீர்கள்.

10க்கு மேல் இருந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தீர்கள் என்றால், அதில் உண்மையிலேயே கூடியவர்களும் இருப்பார்கள், அந்தக் கிழமை மட்டும் ஏதோ ஒரு காரணத்துக்கு எகிறியவர்களும் இருப்பார்கள். மறுபடி அளக்கும்போது இரண்டாவது வகையினர் தங்கள் வழமைக்குத் திரும்புவார்கள், சராசரி தானாகக் கீழே வரும், நீங்கள் ஒன்றும் செய்திருக்கத் தேவையில்லை. கால்ட்டன் 1886ல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் வைத்துக் காட்டியது இதே சங்கதிதான். தொடக்கத்தில் 3, 4 எடுத்தவர்களை இதேபோல் பொறுக்கிப் பாருங்கள், அவர்கள் கொஞ்சம் ஏறியிருப்பார்கள். அப்படி இருந்தால் படிவம் அவர்களைச் சோர்வாக்கியது என்று எழுதுவீர்களா?

ஒரு தனி ஆளில் குறைந்தது நிஜமான மாற்றமா, அளவீட்டின் தளம்பலா என்று பார்க்க ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் 1991ல் கொடுத்த கணக்கு கிளினிக்கில் இன்றும் ஓடுகிறது. உதாரணத்துக்கு உங்கள் ஆட்களில் நியம விலகல் 5, அளவுகோலின் நம்பகம் 0.85 என்று வையுங்கள். 5 ஐ 0.15 இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 1.94, இரண்டு தடவை அளப்பதால் 2 இன் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் 2.74, அதை 1.96 ஆல் பெருக்கினால் 5.4 அளவில் வரும். ஆக 27க்குப் போடும் பிஎச்கியூவில் 12 இலிருந்து 8க்கு வந்தவரைப் பற்றி ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு அளவீட்டை வைத்து "மாற்றம்" என்று பேசுவதில் எனக்குப் பொதுவாகவே நம்பிக்கை குறைவு, இரண்டு புள்ளிக்கு நடுவில் எந்தக் கோட்டையும் கீறலாம்.

இன்னொன்று கவனித்தீர்களா தெரியாது, பிஎச்கியூ கேட்பதே கடந்த இரண்டு கிழமையைப் பற்றி. ஆகவே முடிவில் நிரப்பியது உங்கள் ஆய்வு நடந்த இரண்டு கிழமையைச் சொல்கிறது, தொடக்கத்தில் நிரப்பியது அதற்கு முந்திய இரண்டு கிழமையை. அந்த முந்திய கிழமைகளில் பரீட்சை இருந்ததா? இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

படிவம் இரண்டு மொழியில் என்பதற்கும் ஒரு வார்த்தை. சிங்களப் படிவத்தில் எல்லோரும் ஒரு புள்ளி கூடப் போடும்படி வசனம் அமைந்திருந்தால் ஆட்களுக்கு இடையிலான ஒப்பீடு கெடும், ஆனால் ஒருவர் இரண்டு கிழமையும் ஒரே மொழியில்தான் நிரப்பியிருப்பார், அந்தக் கூடுதல் அவருடைய இடையோடு கழிந்துபோகும். மாற்றத்தைப் படிப்பதில் உள்ள ஒரு நிம்மதி அது. மொழியை மாற்றி மாற்றி நிரப்பியவர்கள் இருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், கொழும்பில் இருப்பார்கள்.

கடைசியாக, இது புள்ளிவிபரம் இல்லை ஆனால் கேட்காமல் விட முடியாது. ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் பூச்சியம் தவிர வேறு போட்டவர்களை அதே நாளில் யாராவது பார்த்தார்களா? கூகிள் போர்மில் வந்து விழுந்து கிடந்து, மாதம் கழித்துத் தரவைத் திறக்கும்போது தெரிவது சரியில்லை. 1926 தேசிய மனநல உதவி இலக்கத்தையாவது படிவத்தின் கீழே எழுதியிருக்க வேண்டும்.

இரவுபஸ்_பயணி:

எனக்கு மல்டிலெவல் ஒன்றும் தெரியாது, ஆனால் நானும் போர்டிங்தான், ஒன்று கேட்கிறேன். வெள்ளி இரவு வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ் ஏறுபவர்களை என்ன செய்தீர்கள்? பஸ்ஸில் தூக்கம் என்று பெயருக்குத்தான், கழுத்து முறிந்து போகும், ஆனால் விடியப் போய் இறங்கி அம்மா கையால் சாப்பிட்டால் அன்று மனநிலை 10க்கு 10. ஞாயிறு இரவு திரும்பி வரும்போதும் அதே தூக்கம்தான், திங்கள் மனநிலையைக் கேட்க வேண்டாம். மட்டக்களப்புப் பொடியங்களுக்கும் இதே கதை. போயா (பௌர்ணமி) விடுமுறை வந்து விழுந்தால் இன்னும் மோசம்.

மாறிலி:

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். விலகல் எடுத்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது கழிப்பது மாறாமல் இருப்பவற்றை மட்டும்தான்: குணம், குடும்ப வசதி, படிக்கும் துறை. நாளுக்கு நாள் மாறுகிறவை, வீட்டுக்குப் போனது, பரீட்சை, காய்ச்சல், பக்கத்து அறைக்காரனின் பிறந்தநாள், எல்லாம் அப்படியே உள்ளே நிற்கும். வீட்டில் படுத்த இரவில் தூக்கமும் கூடும், மனநிலையும் ஏறும், இரண்டுக்கும் காரணம் வீடு. வெள்ளி பஸ் இரவில் தூக்கம் குறையும், மனநிலை ஏறும்.

எங்கே படுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்களே, அதை அப்படியே மொடலில் சேர்க்கலாம். போர்டிங் இரவுகளை மட்டும் வைத்தும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கிழமையின் எந்த நாள் என்பதையும், ஆய்வின் எத்தனையாவது நாள் என்பதையும் போடுங்கள், ஏனென்றால் படிவத்தில் அலுப்புத் தட்டத் தட்ட ஆட்கள் நடுவில் உள்ள எண்ணையே அழுத்தத் தொடங்குவார்கள்.

தூக்கத்தைக் காலையிலும் மனநிலையைப் பின்னேரமும் கேட்டது நல்ல வேலை. இரண்டையும் ஒன்றாகக் கேட்டிருந்தால், சலிப்பில் இருப்பவருக்கு நேற்றுத் தூக்கமும் மோசமாகத்தான் ஞாபகம் வரும்.

போர்டிங்_வாசி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

வார்ட்_அக்கா, உதவி இலக்கம் படிவத்தில் இருந்தது, ஒன்பதாவது கேள்விக்குப் பூச்சியம் தவிர்ந்த பதில் வந்தால் உடனே கம்பஸ் ஆலோசகருக்கு அறிவிக்கும் ஏற்பாடும் இருந்தது, அது இல்லாமல் நெறிமுறைக் குழு விட்டிருக்காது. தொடக்கப் படிவத்துக்கு முந்திய கிழமைகளில் ஒரு பீடத்துக்குப் பரீட்சைதான். அந்தப் பந்தி போய்விட்டது.

மொடல் ஓட்டினேன். விலகலின் குணகம் நேர், இடையின் குணகம் மறை, இரண்டும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. போர்டிங் இரவுகள் மட்டும் என்று வைத்தால் விலகலின் குணகம் கொஞ்சம் சுருங்குகிறது, ஆனால் நேராகவே இருக்கிறது. படுத்த இடத்தையும் சேர்த்து ஓட்டும்போது மட்டும் சிங்குலர் பிட் என்று எச்சரிக்கை வருகிறது, அது என்ன? அப்புறம் சுப்பர்வைசர் இப்போது கேட்கிறார், அப்போ தூக்கம் மனநிலையை மாற்றுகிறதா, மனநிலை தூக்கத்தை மாற்றுகிறதா என்று. கிராஸ் லாக்ட் மொடல், அதாவது இரண்டில் ஒவ்வொன்றும் மற்றதன் அடுத்த அளவீட்டை எதிர்வுகூறுகிறதா என்று பார்ப்பது, போடு என்கிறார்.

மாறிலி:

சிங்குலர் என்றால் ஏதோ ஒரு மாறற்றிறன் (ஆளாளுக்கு உள்ள வித்தியாசத்தின் அளவு) பூச்சியத்தில் ஒட்டிவிட்டது, அல்லது அடிமட்டத்துக்கும் தூக்கத்தின் தாக்கத்துக்கும் இடையிலான இணைவு 1 இலோ மறை 1 இலோ போய் முட்டிவிட்டது. உங்கள் அளவுத் தரவில் நடக்கும். அடைப்புக்குள் ஒற்றைக் கோட்டை இரட்டைக் கோடாக்கினால் அந்த இணைவை மதிப்பிடாமல் விடும், பெரும்பாலும் எச்சரிக்கை போய்விடும். போகவில்லை என்றால் எந்த மாறற்றிறன் பூச்சியம் என்று பாருங்கள், விலகலுடையது என்றால் இந்தத் தரவில் ஆட்களுக்கு இடையில் தாக்கத்தின் வித்தியாசத்தைப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்று எழுதலாம். எல்லோருக்கும் ஒரே தாக்கம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கிராஸ் லாக்ட் விஷயத்தில் கவனம். பழைய மொடல் ஆட்களுக்கு இடையிலான நிலையான வித்தியாசத்தையும் ஆளுக்குள் நடப்பதையும் பிரிக்காது, ஆகவே முதல் நாள் வந்த பிரச்சினைக்கே திரும்பிப் போவீர்கள். 2015ல் ஹமாக்கர், குய்ப்பர், கிராஸ்மன் மூவரும் அதைத்தான் விமர்சித்து, ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு ராண்டம் இன்டர்செப்ட் (அவருக்கே உரிய நிலையான அடிமட்டம்) சேர்த்த வடிவத்தைக் கொடுத்தார்கள். அது மூன்று நான்கு தடவை மட்டும் அளந்த தரவுக்கு வசதி, உங்களுக்கு 14 நாள் இருக்கிறது, இரண்டு மல்டிலெவல் மொடல் தனித்தனியாகப் போடலாம்: ஒன்றில் இரவுத் தூக்கம் அடுத்த பின்னேர மனநிலையை எதிர்வுகூறும், மற்றதில் பின்னேர மனநிலை அன்றிரவுத் தூக்கத்தை. எதுவானாலும் "முந்தி வருகிறது" என்று மட்டும் எழுதுங்கள், "காரணம்" என்ற சொல் வேண்டாம்.

கோட்டை_பொருளியல்:

ஒன்று சேர்க்கிறேன். ஆளுக்குள் வந்த சராசரிக் குணகமும் ஒரு சராசரிதான். கூட்டத்தின் கட்டமைப்பிலிருந்து தனி ஆளுக்குத் தாவ வேண்டுமானால் எல்லோரும் ஒரே மாதிரி இயங்க வேண்டும், காலத்தோடு அந்த இயக்கம் மாறாமலும் இருக்க வேண்டும் என்று பீட்டர் மொலனார் 2004ல் வாதிட்டார். மனிதர்களில் இரண்டும் ஒன்றாகப் பொருந்துவது அபூர்வம். ஆகவே அறுபது சின்ன வரைபுகளையும் ஒரே பக்கத்தில் போட்டுப் பின்னிணைப்பாக வையுங்கள், பெயரை எடுத்துவிட்டு.

போர்டிங்_வாசி:

பின்னிணைப்பில் போடத்தான் நினைத்தேன், சுப்பர்வைசர் பார்த்துவிட்டு அதை ஆய்வேட்டின் பிரதான பகுதிக்குள்ளேயே கொண்டுவரச் சொல்கிறார். இரட்டைக் கோடு போட்டதும் எச்சரிக்கை போய்விட்டது. வெள்ளி, ஞாயிறு பஸ் இரவுகளுக்குத் தனி நிறம் கொடுத்துக் கீறுகிறேன்.